காதில் கேட்கும் வேலி

செம்மறியாட்டின் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழே எட்டு வெட்டுப்பற்கள். மேலே அவற்றுக்கு எதிராகத் தடித்த ஈறு. மேலுதடு நடுவில் பிளந்திருக்கும். அந்தப் பிளவு இருப்பதால் வாயை மண்ணோடு ஒட்டி வைத்துப் புல்லை அடிவரை கொறிக்க அதனால் முடிகிறது. மாடு நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்து இழுக்கும். அதற்கு உயரமான புல் வேண்டும். மாடு மேய்ந்து முடித்த இடத்தில்கூடச் செம்மறி தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும்.

இந்தத் திறமைதான் மேய்ச்சல் நிலத்துக்கு ஆபத்தாகவும் முடிகிறது. பெரிய புல்வெளியில் ஆடுகளை விட்டுவிட்டால் அவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மேய்வதில்லை. சில நாள் முன்பு கடித்த இடத்தில் இப்போது துளிர்த்திருக்கும் இளம்புல் மென்மையாக இருக்கும்; அதைத் தேடித் திரும்ப வரும். ஓரத்தில் முற்றிய புல் தொடுவாரின்றிக் கிடக்கும். ஒரே வயலில் ஒரு பக்கம் கட்டாந்தரை, மறுபக்கம் புதர்.

புல்லின் பக்கம் நின்று பார்த்தால் சேதம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் பரவலாக வளர்க்கப்படும் மேய்ச்சல் புல் ரைகிராஸ். அதன் ஒவ்வொரு தூரும் ஒரு நேரத்தில் மூன்று இலைகளைத்தான் உயிரோடு வைத்திருக்கும். கடிபட்டதும் முதல் இலையை விடுவதற்கு, தண்டின் அடியில் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது. இரண்டாவது இலை விரியும்போது இலைகளே செடியைத் தாங்கத் தொடங்குகின்றன. மூன்றாவது இலை வந்த பிறகே சேமிப்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது. முதல் இலை தலைகாட்டியதுமே ஆடு மறுபடி கடித்துவிட்டால், செடி கையில் இல்லாத காசைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால் வேர் சுருங்கும், தூர் மடியும், வெற்றிடத்தைக் களை பிடிக்கும்.

இந்தக் கணக்கை ஊருக்குச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டு ஆந்த்ரே வுவாசான். வேதியியல் படித்தவர், சொந்தப் பண்ணையில் கால்நடை வளர்த்தவர். மேய்ச்சல் நிலம் கெட்டுப்போவதற்கு ஆடுமாடுகளின் எண்ணிக்கையைவிட, அவை ஒரே இடத்தில் எத்தனை நாள் நிற்கின்றன, எத்தனை நாள் கழித்துத் திரும்பி வருகின்றன என்பதே பெரிய காரணம் என்று 1957-இல் வெளிவந்த நூலில் அவர் எழுதினார். நூறு ஆடுகள் ஒரு நாள் மேய்ந்துவிட்டு ஒரு மாதம் விலகியிருந்தால் புல் பிழைத்துக்கொள்ளும். பத்து ஆடுகள் நாள் தவறாமல் அதே இடத்தில் நின்றால் பிழைக்காது.

குடற்புழுக்களும் இதே பாடத்தைச் சொல்கின்றன. செம்மறியின் வயிற்றில் தங்கி இரத்தம் குடிக்கும் ஹிமான்கஸ் என்ற புழுவின் பெண் ஒன்று நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டைகள் புழுக்கையோடு வெளியே வந்து பொரிந்து, சாதகமான சூட்டில் ஒரு வாரத்துக்குள்ளாகவே அடுத்த ஆட்டைப் பற்றக்கூடிய இளம்புழுக்களாகின்றன. பனி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புல்லில் ஏறினாலும், பெரும்பாலானவை அடியிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்துக்குள்ளேயே இருக்கும். புல்லை ஒட்டக் கொறிக்கும் ஆடுதான் அவற்றை அதிகம் விழுங்கும். புழு தயாராவதற்குள் மந்தையை அடுத்த இடத்துக்கு நகர்த்திவிடுவதும், புல் கட்டையாகும்வரை மேயவிடாமல் இருப்பதும் மருந்துச் செலவைக் குறைக்கும் வழிகள்.

ஆக, நிலத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, சில நாளுக்கு ஒருமுறை மந்தையை மாற்ற வேண்டும் என்பது நீண்ட காலமாகத் தெரிந்த செய்தி. தெரிந்தும் பலரால் செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் வேலி.

கம்பியில் தொடங்கிய தேடல்

அமெரிக்காவின் இல்லினாய் மாநில விவசாயி ஜோசஃப் கிளிட்டன் 1874-இல் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மரமும் கல்லும் அரிதான சமவெளிகளைச் சில பத்தாண்டுகளில் அந்தக் கம்பி கூறு போட்டுவிட்டது. 1930-களில் நியூசிலாந்தில் பில் கேலகர் மின்வேலியை உருவாக்கினார். மாட்டுக்கு ஒற்றை மின்கம்பி போதும். செம்மறிக்கு அது போதாது. உடல் முழுக்க மூடியிருக்கும் கம்பளி மின்சாரத்தைக் கடத்தாது. மூக்கோ காதோ பட்டால்தான் அதிர்வு உறைக்கும். அதனால் மூக்கு உயரத்தில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று என்று பல கம்பிகள் கட்ட வேண்டும். இல்லையென்றால் மின்வலை விரிக்க வேண்டும். அந்த வலையைச் சில நாளுக்கு ஒருமுறை பிடுங்கி, சுருட்டி, சுமந்து, அடுத்த பகுதியில் நட வேண்டும். சமவெளியிலேயே இது முதுகை ஒடிக்கும் வேலை. மலைச்சரிவில் நினைத்தும் பார்க்க முடியாது.

நோர்வேயில் இந்தச் சிக்கல் முழு அளவில் தெரியும். அந்த நாட்டின் நிலப்பரப்பில் பயிர் செய்யத்தக்கது ஏறக்குறைய 3 விழுக்காடுதான். மற்றதெல்லாம் மலை, காடு, பாறை, ஏரி. பயிர் விளையாத அந்த மேட்டு நிலங்களில் புல் விளைகிறது. அதை இறைச்சியாகவும் கம்பளியாகவும் மாற்றித் தருவது ஆடு. ஒவ்வொரு கோடையிலும் சுமார் 20 லட்சம் செம்மறிகளும் குட்டிகளும் அந்த மலைகளுக்கு ஏற்றி விடப்படுகின்றன. பாறையில் வேலிக்கால் ஊன்ற முடியாது. ஊன்றினாலும் குளிர்காலப் பனி அதை வளைத்துப் போட்டுவிடும்.

கம்பியே இல்லாமல் விலங்கை ஓர் எல்லைக்குள் நிறுத்தும் யோசனை முதலில் நாய்களுக்காகத்தான் வந்தது. தோட்டத்தைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு கம்பியைப் புதைத்து, நாயின் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டி, கம்பியை நெருங்கினால் எச்சரித்துப் பிறகு அதிர்வு தரும் முறைக்கு அமெரிக்காவின் ரிச்சர்ட் பெக் 1973-இல் காப்புரிமை பெற்றார். 1980-களின் இறுதியில் ஆராய்ச்சியாளர்கள் அதே பட்டையை வெள்ளாடுகளுக்குக் கட்டிப் பார்த்தார்கள். ஆடுகள் கற்றுக்கொண்டன. ஆனால் கம்பி மண்ணுக்குள்ளாவது இருக்க வேண்டியிருந்தது.

கம்பியை முழுவதுமாக நீக்கியது செயற்கைக்கோள். நியூ மெக்சிகோவின் ஹோர்னாடா மேய்ச்சல் ஆய்வு நிலத்தில் டீன் ஆண்டர்சன், மாடுகளை இடம் காட்டும் கருவியோடு இணைத்துத் திசை திருப்பும் முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆஸ்திரேலியாவில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் கரோலின் லீயும் அவரது குழுவினரும் விலங்கு எப்படிக் கற்கிறது என்ற பக்கத்திலிருந்து இதே கேள்வியை அணுகினார்கள். நோர்வேயின் மேற்குக் கரையில் பாட்ன்ஃபியோர்ட்சோரா என்ற சிற்றூரில் வெள்ளாடு வளர்த்துவந்த ஆஸ்கர் ஹோவ்டே பெர்ன்ட்சன் 1990-களிலேயே இந்த எண்ணத்தோடு இருந்தார். 2011-இல் அவர் தொடங்கிய நோஃபென்ஸ் நிறுவனம் முதலில் வெள்ளாடுகளுக்கும், 2020-ஐ ஒட்டி மாடுகளுக்கும் செம்மறிகளுக்கும் கழுத்துப்பட்டைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கம்பியில்லாமல் பட்டையாலேயே இயங்கும் இந்த ‘மெய்நிகர் வேலி’, செம்மறிக்காக ஆய்வகத்தைத் தாண்டிப் பண்ணைக்குள் வந்தது அப்போதுதான்.

பட்டைக்குள் என்ன இருக்கிறது?

செம்மறிக்கான பட்டை ஏறக்குறைய அரைக் கிலோ எடை. கழுத்தைச் சுற்றி ஒரு வார். அதிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய உலோகச் சங்கிலிகள். அவற்றின் முனையில், தொண்டைக்குக் கீழே தொங்கும் ஒரு பெட்டி. பெட்டியின் இரு பக்கங்களிலும் சூரியத் தகடுகள். உள்ளே பேட்டரி, இடங்காட்டும் ஜி.பி.எஸ். வாங்கி, செல்பேசிக் கோபுரத்தோடு பேசும் சிம், ஆட்டின் அசைவை உணரும் கருவி, ஒலிபெருக்கி. சங்கிலிகள் பெட்டியைத் தாங்குவதோடு அதிர்வைத் தோலுக்குக் கொண்டுசெல்லும் கடத்திகளாகவும் வேலை செய்கின்றன. கம்பளி அடர்ந்த கழுத்தில் சங்கிலி தோலைத் தொடாது. ஆகையால் பட்டை கட்டும் முன் அந்த இடத்தில் கம்பளியைக் கத்தரித்துவிட வேண்டும். வளர வளர மறுபடி கத்தரிக்க வேண்டும்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பு வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடத்தைக் கணித்துவிடலாம். ஆனால் பட்டைக்குள் இருப்பது மலிவான கடிகாரம். அது ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் தப்பிப்போகும். அந்தப் பிசகையும் சேர்த்துக் கணக்கிட்டு நீக்குவதற்கு நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது. திறந்த வெளியில் இப்படிக் கிடைக்கும் இடக்குறிப்பு சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். செங்குத்துப் பாறையின் அடியிலும் அடர்ந்த மரங்களின் கீழும் அறிவிப்புகள் மோதித் திரும்பி வருவதால் பிழை கூடும்.

கம்பி வேலி நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும். மெய்நிகர் வேலி சில மீட்டர் அங்குமிங்கும் ஆடும். அதனால்தான் சாலையோரத்திலும் கிணற்றோரத்திலும் இதை மட்டும் நம்பக் கூடாது. அங்கே பழைய வேலி இருந்தே தீர வேண்டும். வெளி எல்லையைக் கம்பி காக்கட்டும், உள்ளே நிலத்தைப் பகிர்ந்து மேயவிடுவதை மெய்நிகர் வேலி பார்த்துக்கொள்ளட்டும் என்பதே நிதானமான ஏற்பாடு.

பேட்டரி இன்னொரு கட்டுப்பாடு. செயற்கைக்கோளை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால் மின்சாரம் விரைவில் தீர்ந்துவிடும். எனவே ஆடு எல்லையிலிருந்து விலகிப் படுத்து அசை போடும்போது பட்டை எப்போதாவதுதான் இடத்தைப் பார்க்கும். எல்லையை நெருங்க நெருங்க அடிக்கடி பார்க்கும். விவசாயி தன் செல்பேசிச் செயலியில் விரலால் வரைந்த எல்லைக்கோடு ஒவ்வொரு பட்டையின் நினைவிலும் பதிந்திருப்பதால், இடையில் செல்பேசித் தொடர்பு அறுந்தாலும் வேலி வேலை செய்யும். கோட்டை மாற்றும்போது மட்டும் தொடர்பு வேண்டும்.

எல்லையில் சில விநாடிகள்

ஒரு தாய் ஆடு தலையைக் குனிந்து மேய்ந்தபடியே எல்லையைத் தாண்டுகிறது. நிலத்தில் எந்த அடையாளமும் இல்லை. இந்தப் பக்கப் புல்லும் அந்தப் பக்கப் புல்லும் ஒன்றுதான். தொண்டைக்குக் கீழே ஒரு மெல்லிய ஒலி எழுகிறது. அடுத்த அடி வைத்ததும் சுருதி ஒரு படி ஏறுகிறது. இன்னொரு அடி, இன்னொரு படி. ஆடு வேகமாகப் போனால் சுருதியும் வேகமாக ஏறும். மெதுவாக மேய்ந்துகொண்டே போனால் மெதுவாக ஏறும். ஐந்து விநாடி முதல் இருபது விநாடி வரை இந்த ஏற்றம் நீடிக்கும்.

இதற்குள் ஆடு திரும்பினால் ஒலி நின்றுவிடும். வேறொன்றும் நடக்காது. திரும்பாவிட்டால், உச்சச் சுருதியை எட்டியதும் ஒரு சிறு மின்னதிர்வு வரும். அதன் ஆற்றல் 0.1 ஜூல், சாதாரண மின்வேலிக் கருவிகள் தரும் அதிர்வில் ஒரு சிறு பங்கு. அதன் பிறகும் ஆடு முன்னே போனால் மறுபடி ஒலி, மறுபடி அதிர்வு. மூன்று அதிர்வுகளுக்குப் பிறகு பட்டை ஓய்ந்துவிடும். ஆடு வெளியேறிவிட்டது என்ற செய்தி விவசாயியின் செல்பேசிக்குப் போகும்.

மூன்றோடு நிறுத்திக்கொள்வதில் ஆழ்ந்த சிந்தனை இருக்கிறது. நாய் துரத்தி வெருண்டோடும் ஆட்டுக்குத் திரும்ப வழி இல்லை; அதை மேலும் மேலும் அதிரவைப்பது கொடுமை, பயனும் இல்லை. இன்னொரு விதியும் உண்டு: வெளியே போன ஆடு உள்ளே திரும்பி வரும்போது ஒலியும் கிடையாது, அதிர்வும் கிடையாது. வீடு திரும்பும் வழி எப்போதும் திறந்தே இருக்கும். கம்பி வேலியைத் தாண்டிக் குதித்த ஆடு வெளியே மாட்டிக்கொண்டு மந்தையைப் பார்த்துக் கத்தி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

புதிதாகப் பட்டை கட்டிய முதல் சில நாள்கள் பயிற்சிக் காலம். அப்போது பட்டை இன்னும் இளகிய விதியில் வேலை செய்கிறது: ஆடு லேசாகத் தலையைத் திருப்பினாலே ஒலியை நிறுத்திவிடும். தான் திரும்பியதால்தான் ஒலி நின்றது என்ற தொடர்பு ஆட்டுக்கு உடனே பிடிபட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியும் வேலியை ஒட்டியே மெய்நிகர் எல்லையையும் வரைந்து, ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குவது வழக்கம்.

எச்சரிக்கை பொய்க்கக் கூடாது

விலங்கின் கழுத்தில் மின்னதிர்வுக் கருவியைக் கட்டுவது என்றதும் மனம் கூசுகிறது, கூச வேண்டும். வேல்ஸ் அரசு 2010-இல் நாய்களுக்கும் பூனைகளுக்கும் மின்னதிர்வுப் பட்டை அணிவிப்பதைத் தடை செய்தது. நாய்க்குக் கூடாதது ஆட்டுக்கு எப்படி ஆகும் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் இந்தத் தொழில்நுட்பத்தைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

பதிலின் வேர் 1967-இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனையில் இருக்கிறது. இரண்டு கூட்டம் நாய்களுக்கு ஒரே அளவு அதிர்வு கொடுக்கப்பட்டது. ஒரு கூட்டத்தால் பலகையை அழுத்தி அதிர்வை நிறுத்த முடிந்தது, மற்றதால் முடியவில்லை. பிறகு தப்பிக்க எளிய வழி உள்ள பெட்டியில் விட்டபோது, முதல் கூட்டம் தப்பிக்கக் கற்றது. இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானவை முயலாமலே கிடந்தன. அதிர்வின் அளவு ஒன்றுதான். தன் செயலால் அதை மாற்ற முடியும் என்ற அனுபவம் இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு. அந்தச் சோதனையை இன்று யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. ஆனால் அது கற்றுத் தந்ததை மறக்கவும் கூடாது.

கரோலின் லீயும் உடன் பணிபுரிந்தவர்களும் 2018-இல் இதையே விலங்கு நலனுக்கான அளவுகோலாக முன்வைத்தார்கள். ஒரு புதிய கருவியை விலங்கின் மீது பயன்படுத்தும் முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். நடக்கப்போவதை விலங்கால் முன்கூட்டியே அறிய முடிகிறதா? அறிந்து அதைத் தவிர்க்க முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் விலங்கு பாடத்தைக் கற்றபின் அமைதியாக வாழும். ஒன்றுக்கு இல்லை என்றாலும் நாள்பட்ட பயத்தில் வாடும்.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் மெய்நிகர் வேலியின் இதயம் ஒலியில்தான் இருக்கிறது. சாதாரண மின்வேலி தொட்டால் அதிரும். கண்ணால் பார்த்து அது எங்கே இருக்கிறது என்று ஆடு தெரிந்துகொள்ளும். மெய்நிகர் வேலியில் பார்க்க எதுவும் இல்லாததால் அந்தக் கடமை முழுவதும் ஒலியின் தலையில் விழுகிறது. ஒவ்வொரு முறையும் அதிர்வுக்கு முன் ஒலி வந்தாக வேண்டும். திரும்பினால் ஒவ்வொரு முறையும் அது நின்றாக வேண்டும். ஒருமுறை ஒலியில்லாமல் அதிர்ந்தாலோ, திரும்பிய பிறகும் அதிர்ந்தாலோ, ஆடு கற்ற பாடம் குலையும். ஆட்டின் நோக்கில் அது காரணமில்லாமல் விழும் அடி.

இடக்குறிப்பின் பிழை இங்கேதான் அறம் சார்ந்த பிரச்சினையாகிறது. பாறையடியில் நிற்கும் ஆட்டைப் பட்டை தவறாக எல்லைக்கு வெளியே கணித்தால், அசையாமல் நின்ற ஆட்டுக்குத் தண்டனை கிடைக்கும். ஆகையால் இடம் உறுதியாகத் தெரியாதபோது பட்டை வாய்மூடி இருக்க வேண்டும். நான்கு ஆடுகள் வெளியே போனால் போகட்டும். ஓர் ஆட்டுக்குப் பொய்யான அதிர்வு விழக் கூடாது. நாய்ப் பயிற்சியில் அதிர்வுப் பொத்தான் மனிதன் கையில் இருக்கிறது. அவன் கோபமும் அவசரமும் கவனக்குறைவும் அதில் கலந்துவிடும். இங்கே பொத்தான் யார் கையிலும் இல்லை. விதி ஒன்றுதான், எல்லா நாளும் ஒன்றுதான். அது அப்படி இருக்கும்வரைதான் இந்த வேலிக்கு நியாயம் உண்டு.

கூட்டத்தோடு போகும் விலங்கு

மாடுகளிடம் நன்றாக நடந்த இந்த முறை செம்மறிகளிடம் எளிதில் கைகூடவில்லை. நோர்வேயில் எம்மா ப்ரூன்பெர்க்கும் குழுவினரும் அன்றைய முன்மாதிரிப் பட்டையை வைத்துச் செய்த ஆய்வுகள் 2015-இலும் 2017-இலும் வெளிவந்தன. சில ஆடுகள் விரைவாகக் கற்றன. பல ஆடுகள் கற்கவில்லை. குட்டியோடு இருந்த தாய் ஆடுகளிடம் சிக்கல் இன்னும் கூடுதல். அந்த நிலையில் இருந்த கருவியை நம்பி மந்தையை விட முடியாது என்பதே அவற்றின் முடிவு. அதன் பிறகு கருவி மாறியது, ஒலி மாறியது, பயிற்சி முறை மாறியது.

செம்மறிக்கு அறிவு குறைவு என்று இதை எடுத்துக்கொண்டால் தவறு. கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரகாம் ஆய்வகத்தில் கீத் கென்ட்ரிக் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், செம்மறிகள் வேறு 50 ஆடுகளின் முகங்களை அடையாளம் கண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருந்தன. கற்பதில் செம்மறி சளைத்ததல்ல. அதன் கவனம் முதலில் தன் கூட்டத்தின் மேல் இருக்கிறது. பயந்தால் கூட்டத்துக்குள் ஓடும். முன்னால் போகும் ஆடு தாண்டினால் பின்னால் வருவதும் தாண்டும். கழுத்தடியில் ஒலி எழும்போது கூட்டம் அந்தப் பக்கம் நின்றால், ஒலியைவிடக் கூட்டமே ஆட்டை வலுவாக இழுக்கும்.

அதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் டானிலா மரீனியும் குழுவினரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு மந்தைகளில் எல்லா ஆடுகளுக்கும் எல்லையைக் கற்பித்தார்கள். வேறு மந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆடுகளுக்கும், இன்னும் சிலவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மட்டும் கற்பித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கற்றிருந்தாலே குறுகிய காலத்துக்கு முழு மந்தையும் நின்றது. மற்றவை நின்றவற்றைப் பார்த்து நின்றன. மூன்றில் ஒரு பங்கு மட்டும் கற்ற மந்தை நிற்கவில்லை; கல்லாதவை தாண்ட, கற்றவையும் இழுபட்டன. ஆட்டுக்கான பட்டை மலிவானதல்ல. ஆனால் ஆட்டின் விலை மாட்டின் விலையில் ஒரு சிறு பகுதி. எல்லா ஆட்டுக்கும் பட்டை வாங்கக் கட்டுப்படியாகாத வளர்ப்பாளருக்கு இந்த முடிவு நம்பிக்கை தருகிறது. நாள்கணக்கில், மாதக்கணக்கில், பெரிய மந்தையில் இது நிலைக்குமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

குட்டிகளின் நிலை வேறு. அரைக் கிலோ பட்டையைச் சிறு குட்டியின் கழுத்தில் கட்ட முடியாது. முதல் வாரங்களில் குட்டி தாயை விட்டு விலகாது. தாய் நின்ற இடத்தில் அதுவும் நிற்கும். வளர வளரக் குட்டிகள் ஒன்று சேர்ந்து எல்லைக்கு அப்பால் துள்ளி ஓடும். குட்டியின் குரல் வெளியிலிருந்து கேட்கும்போது தாய் ஒருபுறம் குட்டிக்கும் மறுபுறம் ஒலிக்கும் நடுவே நிற்கும். வளர்ப்பாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய காலம் இது. திரையில் தெரியும் புள்ளிகள் எல்லாம் உள்ளே இருப்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருளில்லை.

தாயிடமிருந்து குட்டிக்கு

கம்பியில்லாத எல்லை செம்மறிகளுக்குப் புதிதும் அல்ல. வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் ஹெர்ட்விக் இன ஆடுகள் பல நூற்றாண்டுகளாக வேலியில்லாத பொது மலையில் மேய்கின்றன. அடுத்தடுத்த பண்ணைகளின் மந்தைகள் ஒரே மலையில் இருந்தாலும் ஒவ்வொன்றும் தனக்குரிய சரிவைத் தாண்டிப் பெரும்பாலும் போவதில்லை. எந்தப் பாறை வரை நம்முடையது, பனிக்காற்றில் எங்கே ஒதுங்க வேண்டும், நீர் எங்கே என்பதைக் குட்டி தாயோடு நடந்து நடந்தே கற்கிறது. அது தாயாகும்போது தன் குட்டிக்குக் கற்றுத் தருகிறது. இப்படி இடம் பழகிய மந்தையை அங்கே ‘ஹெஃப்ட்’ ஆன மந்தை என்பார்கள். பண்ணை கைமாறும்போது மந்தையும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறும். வேறு மலைக்குக் கொண்டுபோனால் அந்த அறிவுக்குப் பயன் இல்லை.

2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது நோயைக் கட்டுப்படுத்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. லேக் டிஸ்ட்ரிக்ட் அடங்கிய கும்ப்ரியாதான் மிக மோசமாக அடிபட்ட பகுதி. மந்தை அழிந்த பண்ணைகளில் ஆடுகளை மறுபடி வாங்கிவிட முடிந்தது. மலையை அறிந்த ஆடுகளை வாங்க முடியவில்லை. புதிய ஆடுகளைப் பழக்க மலையில் தற்காலிக வேலி போட்டு, ஆள் வைத்து மறித்து, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

மெய்நிகர் வேலியைப் பற்றி நான் மிகவும் நம்புகிற செய்தி இந்த மலைகளிலிருந்துதான் வருகிறது. ஆட்டை நிறுத்துவது எப்போதும் அதன் அறிவுதான். கல்சுவரைச் செம்மறி நினைத்தால் தாண்டிவிடும். பட்டை புகுத்துகிற எல்லையும், தாய் கற்றுத் தருகிற எல்லையும் ஆட்டின் நினைவில்தான் நிற்கின்றன. வேறுபாடு ஒன்று உண்டு: தாய் கற்றுத் தந்த எல்லை மாறாது, பட்டையின் எல்லையை நாளைக்கே மாற்றலாம். ஹெர்ட்விக் ஆடு இடத்தைக் கற்கிறது. பட்டை கட்டிய ஆடு ஒலியின் பொருளைக் கற்கிறது. அந்தப் பொருளைக் கற்றுவிட்டால் எந்த இடத்திலும் அதற்கு வழி தெரியும்.

நிலத்துக்குக் கிடைப்பது

எல்லையை விரலால் மாற்ற முடியும் என்றதும் மேய்ச்சலைத் திட்டமிடும் முறையே மாறுகிறது. புதிய பகுதியை முதலில் திறந்துவிடலாம். மந்தை தானாக அங்கே போய்ச் சேர்ந்தபின் பழைய பகுதியை மூடிவிடலாம். விரட்ட வேண்டியதில்லை. ஆற்றங்கரை மண் மழைக்காலத்தில் குளம்பு பட்டுச் சரியாமல் இருக்கக் கரையோரத்தை அந்த மாதங்களுக்கு மட்டும் விலக்கலாம். தரையில் கூடு கட்டும் பறவைகள் அடைகாக்கும் வாரங்களில் கூடுகளைச் சுற்றி எல்லை வரைந்துவிட்டு, குஞ்சுகள் போனபின் அழித்துவிடலாம். நோர்வேயின் மேற்குக் கரையோரக் குறும்புதர் வெளிகள், ஆடுகளின் மேய்ச்சலாலும் விவசாயிகள் வைக்கும் கட்டுப்பாடான தீயாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உருவானவை. மேய்ச்சல் நின்ற இடங்களில் மரமும் புதரும் மூடி அந்த நிலம் மறைகிறது. அங்கே ஆட்டை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவதே நிலத்தைக் காப்பதாகும்.

கம்பி இல்லாததன் பயன் மற்ற உயிர்களுக்கும் சேரும். ஸ்காட்லாந்தின் காடுகளில் மான் வேலிகளில் மோதி இறக்கும் பெரிய காட்டுக்கோழிகளைப் பற்றி 1990-கள் முதல் ஆய்வுகள் வந்துள்ளன. மெய்நிகர் எல்லையில் பறவை மோதாது, மான் சிக்காது. ஆனால் ஓநாயும் லிங்க்ஸும் தெருநாயும்கூடத் தடையின்றி உள்ளே வரும். ஆட்டை உள்ளே வைக்கும் வேலி இது. பகையை வெளியே வைக்கும் வேலி அல்ல. வேட்டை விலங்குள்ள இடங்களில் காவலுக்கு ஆளோ நாயோ வேறு ஏற்பாடோ வேண்டும்.

மேய்ப்பவரின் வேலை இதனால் ஒழிந்துவிடாது. வேலிக்கால் சுமப்பதில் போன நேரம் மந்தையைப் பார்ப்பதற்கு மிஞ்சும். எந்த ஆடு நொண்டுகிறது, எது தனித்து நிற்கிறது, எந்தப் பகுதியில் மூன்றாவது இலை வந்துவிட்டது என்று பார்க்கும் கண் எந்தப் பட்டைக்குள்ளும் இல்லை. பட்டை உரசிக் கழுத்துத் தோல் புண்ணாகிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும் அவர் வேலைதான்.

இந்தக் கருவியை வாங்கும் வளர்ப்பாளரும் அனுமதிக்கும் அரசும் விற்கும் நிறுவனமும் விலையையும் பேட்டரியையும் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒவ்வோர் ஆடும் எத்தனை முறை ஒலி கேட்டது, அதில் எத்தனை முறை அதிர்வு வாங்கியது என்பதைப் பட்டையே எண்ணி வைக்கிறது. கற்ற மந்தையில் ஒலி பல முறை வரும், அதிர்வு அரிதாகவே வரும். நாளாக ஆக அதிர்வு குறையாத ஆடு இருந்தால் அதற்குப் பாடம் புரியவில்லை என்று பொருள். அதன் பட்டையை அவிழ்த்துவிட்டு, கம்பி வேலிக்குள் வைத்து வளர்ப்பதே நியாயம். ஒலிக்கும் அதிர்வுக்கும் உள்ள இந்த விகிதத்தை ஒவ்வொரு பண்ணையும் பார்க்க வேண்டும். விற்பவர்கள் அதை வெளிப்படையாகத் தர வேண்டும். அனுமதிச் சட்டங்கள் அதைக் கட்டாயமாக்க வேண்டும். புல்லுக்கு ஓய்வு கொடுக்க நாம் போடும் எல்லை, ஆட்டுக்குப் புரிகிற எல்லையாக இருந்தால்தான் அதைப் போடும் உரிமை நமக்கு உண்டு.